அடுத்தவர் வியர்வையைக் காணிக்கை போடாதீர்கள்

மே 1ஆம் தேதி எங்கள் பங்கில் தொழிலாளரான சூசையப்பர் திருநாள். மாலை ஆறு மணிப் பூசைக்குப் பிரசங்கம் வைக்க வெளியூரிலிருந்து ஒரு சாமியாரை அழைத்திருந்தார்கள். நல்ல குரல், நல்ல தமிழ். கூட்டம் அசையாமல் கேட்டது. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், அவர் இதைச் சொல்லும் வரைக்கும்: "சூசையப்பர் சம்பள உயர்வு கேட்டாரா? கொடி பிடித்தாரா? தன் வேலையை அமைதியாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். நீங்களும் சம்பளம் குறைவு, வேலை அதிகம் என்று முணுமுணுக்காமல் ஒப்புக்கொடுங்கள். அதைவிடப் பெரிய ஜெபம் இல்லை."

என் பக்கத்தில் அக்கா பேத்தி உட்கார்ந்திருந்தாள். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து மூன்று வருஷமாக ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நடத்துகிறவர்கள் நம் சபையார்தான்; பெயர் வேண்டாம். பகல் டியூட்டி முடிந்து நேரே கோவிலுக்கு வந்திருந்தாள். என் காதருகே குனிந்து, "ஆச்சி, எங்க ஆபீஸ்ல சொன்னதையேதான் இவரும் சொல்லுதாரு" என்றாள்.

விஷயம் இதுதான். மார்ச் மாதம் இவளும் கூட வேலை பார்க்கிற பதினோரு பெண்களும் சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இவளுக்குக் கைக்கு வருவது 13,500 ரூபாய். அதில் படிப்புக் கடனுக்கு ஒரு பங்கு போகிறது. மனுவுக்கு எழுத்தில் பதில் வரவில்லை. கூப்பிட்டு வைத்து வாயால் சொன்னார்களாம்: "இது வியாபாரம் இல்லம்மா, ஊழியம். கஷ்டத்தை ஒப்புக்கொடுங்க. சேசு பார்த்துக்குவார்."

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேலையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பதை நான் கேலி செய்யவில்லை. எனக்கு இப்போது 72 வயது. புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து காலையில் கண் விழித்ததும் அன்றைய நாளை ஒப்புக்கொடுக்காமல் நான் கட்டிலை விட்டு இறங்கியதில்லை. 35 வருஷம் அரசு மருத்துவமனைகளில் செவிலியாக இருந்தேன். சீழும் இரத்தமும் வாந்தியும் பார்த்த அந்த வருஷங்களில் என்னை நிற்க வைத்தது அந்தக் காலை ஜெபம்தான். அதனால்தான் அதை இப்படிப் பிடித்து அடுத்தவர் வாயை அடைக்கும் துணியாக ஆக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தப் பழக்கத்தை எனக்குச் சொல்லித் தந்தது என் அம்மா. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை. வெயில் ஏறுவதற்குள் பாதி வேலை முடிய வேண்டும் என்பதால் விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பிவிடுவாள். திரு இருதயப் படத்துக்கு முன்னால் சிம்னி விளக்கை வைத்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, "இன்னைக்குச் சொமக்குற உப்பெல்லாம் உமக்கு" என்பாள். அவ்வளவுதான் ஜெபம். அந்த உப்பு அவள் பாதத்தைப் பாளம் பாளமாக வெடிக்க வைத்திருந்தது. இரவில் வெடிப்பில் விளக்கெண்ணெய் தடவிவிடுவது என் வேலை.

ஒருநாள் சாயங்காலம் கூலி வாங்கும் இடத்துக்கு நானும் போயிருந்தேன். எட்டு ஒன்பது வயதிருக்கும். கணக்கப்பிள்ளை அம்மாவுக்கு அரை நாள் என்று எழுதியிருந்தார். அம்மா முழு நாள் நின்றிருந்தாள். அவர் திருத்துகிற வரைக்கும் அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இருட்டிவிட்டது. திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன்: "காலைல சேசுவுக்குக் குடுத்துட்டு இப்ப ஏம்மா சண்ட போடுத?" அம்மா சொன்னாள்: "சேசுவுக்குக் குடுத்தது என் பாடு. இந்தாளு முழுங்கப் பாத்தது என் கூலி. சேசு கேட்டா ரெண்டையும் குடுப்பேன். கணக்கப்பிள்ளைக்கு எதுக்குட்டீ குடுக்கணும்?"

எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் இந்த விஷயத்தில் அவளைவிடத் தெளிவாகப் பேசிய பிரசங்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

இந்தக் காலை ஒப்புக்கொடுத்தல் எங்கிருந்து பரவியது என்று பலருக்குத் தெரியாது. பிரான்ஸ் நாட்டில் லெ புய் நகருக்குப் பக்கத்தில் வால்ஸ் என்ற ஊரில் சேசு சபை மாணவர்களின் படிப்பு மடம் இருந்தது. அங்கிருந்த இளைஞர்களுக்கு மிஷன் நாடுகளுக்குப் போகும் ஆசை தலைக்கேறியிருந்தது. அதிலும் நம் மதுரை மிஷனிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டுக் கேட்டு, கையில் இருந்த பாடப்புத்தகம் கசந்துவிட்டது. 1844 டிசம்பர் 3, சவேரியார் திருநாள். அவர்களுடைய ஞான வழிகாட்டியான கோத்ரலே சுவாமி அவர்களை உட்கார வைத்துப் பேசினார். சாரம் இதுதான்: மிஷனுக்குப் போகிற காலம் வரும்போது போகலாம், இன்றைக்கு உங்கள் மிஷன் இந்தப் படிப்பும் இந்த மடத்து வேலையும்தான், அதை ஒழுங்காகச் செய்து அதையே ஒப்புக்கொடுங்கள். இப்படித்தான் ஜெப அப்போஸ்தல சபை பிறந்தது. நம் வீடுகளில் சொல்லும் காலை ஒப்புக்கொடுத்தல் ஊர் ஊராகப் பரவியது இந்தச் சபை வழியாகத்தான்.

கவனியுங்கள். படிப்பை மூடி வைத்துவிட்டு ஜெபம் செய் என்று அவர் சொல்லவில்லை. வேலையிலிருந்து தப்பித்து ஓடப் பார்த்தவர்களை வேலைக்குத் திருப்பி அனுப்பிய பேச்சு அது. ஒப்புக்கொடுத்தல் என்றால் முதலில் அந்த வேலை சுத்தமாக நடக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. இந்த வயதில் என்ன வெட்கம், எழுதிவிடுகிறேன்.

1978 அக்டோபர். பெண்கள் அறுவை சிகிச்சை வார்டில் எனக்கு நைட் டியூட்டி. அக்டோபர் மாதாவின் ஜெபமாலை மாதம் என்பதால் தினமும் 153 மணி சொல்வதாக நேர்ந்திருந்தேன். அன்று சாயங்காலம் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்த ஒரு அம்மாவுக்கு மணிக்கு ஒரு தடவை நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும். மூன்று மணிக்குப் பார்த்தேன். நாடி 88. ஜெபமாலை இன்னும் பாதி பாக்கி. நாலு மணிக்கும் இதேதான் இருக்கும் என்று 88 என்றே அந்தக் கட்டத்திலும் எழுதிவிட்டு, மேஜையில் உட்கார்ந்து மணியை உருட்ட ஆரம்பித்தேன்.

மூன்றரைக்கு நைட் சூப்பரின்டெண்டென்ட் ரவுண்ட்ஸ் வந்தார். அவர் கிறிஸ்தவர் அல்ல. சார்ட்டைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சிஸ்டர், நாலு மணி நாடி மூணரைக்கே வந்துடுச்சா?" என்றார். சத்தம் போடவில்லை. அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து முழு நிமிடம் எண்ணினார். 116. போர்வையை விலக்கினால் கட்டு நனைந்திருந்தது. டாக்டரை எழுப்பி, தியேட்டருக்குக் கொண்டுபோய், உயிர் பிழைத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பார்களா என்பதை இன்றுவரை நான் கணக்குப் போட்டுப் பார்க்கத் துணிந்ததில்லை.

எனக்கு மெமோ வந்தது. அது நியாயம். பாவசங்கீர்த்தனத்தில் அழுதுகொண்டே சொன்னேன். ஏதாவது ஜெபம் அபராதமாகக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அந்த வயதான சாமியார், "ஒரு மாசத்துக்கு டியூட்டியில ஜெபமாலையத் தொடாதே. ஒவ்வொருத்தர் நாடியையும் முழு நிமிஷம் எண்ணு. அதுதான் உன் அபராதம்" என்றார். அந்த மாதம் போல நான் ஜெபம் செய்த மாதம் என் வாழ்க்கையில் வேறு இல்லை.

அந்தக் காலத்தில் எல்லாம் கண்ணாடி சிரிஞ்சு. ஒவ்வொன்றையும் பிரித்துக் கழுவி ஸ்டெரிலைசரில் 20 நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். 10 நிமிடத்தில் எடுத்தால் எந்த நோயாளிக்குத் தெரியும்? எந்த டாக்டருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. அந்த மிச்சப் பத்து நிமிடம்தான் ஒப்புக்கொடுத்தல். புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், மடத்துப் பண்டசாலையைப் பார்ப்பவன் அங்குள்ள சட்டிபானை, கருவிகள் எல்லாவற்றையும் பலிபீடப் பாத்திரம் போல நினைத்துக் கையாள வேண்டும் என்கிறார். 1,500 வருஷம் ஆகப்போகிறது. பூசைப் பாத்திரத்தை அழுக்காக வைப்போமா? அப்படியானால் கிட்னி ட்ரேயை மட்டும் எப்படி வைக்கலாம்? குருடும் நொண்டியுமான ஆட்டைப் பலிக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்து, இதை உங்கள் ஆளுநரிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், வாங்குவானா என்று மலாக்கி தீர்க்கதரிசி வழியாக ஆண்டவர் கேட்டது இதைத்தான்.

ஆகவே வேலை செய்கிற நம்மிடம் எனக்கும் சண்டை உண்டு. காலையில் எல்லாம் உமக்கே என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் பத்தரைக்குப் போகிறவர், பூசைக்குத் தவறாமல் வந்துவிட்டு எடைக்கல்லில் கை வைக்கிறவர், திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்வரிசையில் நின்றுவிட்டு வகுப்பில் பாடம் எடுக்காத ஆசிரியர், இவர்கள் எல்லாம் நான் முன்கூட்டி எழுதிய அந்த 88ஐத்தான் ஆண்டவருக்குக் காணிக்கை வைக்கிறார்கள்.

இனி சாமியார் சொன்னதற்கு வருகிறேன்.

சூசையப்பர் கூலி உயர்வு கேட்டாரா என்றார். சுவாமி, சூசையப்பர் பேசியதாக நற்செய்தியில் ஒரு வார்த்தைகூட இல்லை. நான்கு நற்செய்தியையும் புரட்டிப் பாருங்கள். அவர் கூலி கேட்டார் என்றும் இல்லை, கேட்கவில்லை என்றும் இல்லை. பேசாதவர் வாயில் முதலாளியின் பேச்சை வைப்பது என்ன நியாயம்? 1955ல் பனிரெண்டாம் பத்திநாதர் பாப்பரசர் இந்தத் திருநாளை ஏற்படுத்தியபோது, அதற்கென்று உலகத் தொழிலாளர் நாளான மே 1ஐயே தேர்ந்தெடுத்தார். எட்டு மணி நேர வேலை கேட்டு சிகாகோவில் எழுந்த போராட்டத்தின் நினைவு நாள் அது. அந்த நாளின் பீடத்தில் நின்றுகொண்டு கூலி கேட்காதே என்பது, கல்யாண வீட்டில் ஒப்பாரி வைப்பது போல இருக்கிறது.

ஒப்புக்கொடுத்தலில் ஒரு அடிப்படை இருக்கிறது. காணிக்கை கொடுப்பவனுடையதாக இருக்க வேண்டும். தாவீது ராஜா பலி செலுத்த ஒரு களத்தைத் தேடிப் போனபோது, களத்துக்காரன் களத்தையும் மாடுகளையும் விறகையும் இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொன்னான். தாவீது மறுத்துவிட்டார். தனக்குச் செலவில்லாததை ஆண்டவருக்குப் பலியாக்க மாட்டேன் என்று 50 வெள்ளி எண்ணிக் கொடுத்து வாங்கினார். ராஜா நினைத்திருந்தால் சும்மா எடுத்திருக்கலாம். களத்துக்காரனே கொடுக்கத் தயாராகத்தான் இருந்தான். அப்படியும் எடுக்கவில்லை.

என் பேத்தியின் 13,500 ரூபாயில் ஒப்புக்கொடுக்க ஏதாவது இருந்தால் அதை அவள் ஒப்புக்கொடுப்பாள். அவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அதை அவளே சேசுவுக்குக் கொடுத்துவிட்டதாக நிர்வாகம் எழுதிக்கொள்ள முடியாது. என் பையில் கைவிட்டு எடுத்து உண்டியலில் போடுவதற்குப் பெயர் பக்தி இல்லை.

இந்தத் தந்திரம் புதிதும் இல்லை. சேசுநாதர் காலத்திலேயே இருந்தது. தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்கு நேர்ந்தது என்று சொல்லிவிட்டால், அப்புறம் பெற்றவர்களுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் அவர் அவர்களை எப்படிக் கிழித்தார் என்று படித்துப் பாருங்கள். கடவுள் பெயரைச் சொல்லிக் கடனைத் தட்டிக் கழிக்காதே என்பதுதான் அந்தப் பேச்சு. சம்பளமும் கடன்தான். கூலியாட்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் ஆண்டவர் காதில் விழுந்துவிட்டது என்று யாகப்பர் எழுதியிருக்கிறார்.

திருச்சபை இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1891ல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் எழுதிய ரேரும் நோவாரும் சுற்றுமடல், வேறு வழியில்லாமல் குறைந்த கூலிக்கு ஒருவன் சம்மதித்தால் அவன் மனமொத்துச் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது, அவன் அநியாயத்துக்குப் பலியானவன் என்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேறு வழியெல்லாம் அடைபட்டால் வேலைநிறுத்தம் செய்யவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று ஏற்றது. 1971ல் உரோமையில் கூடிய ஆயர்கள் மாமன்றம், நீதியைப் பற்றிப் பேசத் துணிகிறவர்கள் முதலில் மக்கள் கண்ணுக்கு நீதியாக நடக்க வேண்டும் என்று திருச்சபைக்கே சொல்லிக்கொண்டது. 1983ல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தில் 1286ஆம் பிரிவு, நிறுவனச் சொத்துகளை நிர்வகிக்கிறவர்கள் வேலையாட்களுக்கு நியாயமான, கண்ணியமான சம்பளம் கொடுக்க வேண்டும், நாட்டின் தொழிலாளர் சட்டத்தையும் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது. இதையெல்லாம் குருமடத்தில் நமக்கா சொல்லிக் கொடுக்கிறார்கள்? சாமியார்களுக்குத்தானே சொல்லிக் கொடுக்கிறார்கள்?

நாட்டுக் கணக்கையும் சொல்கிறேன். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, மத்திய அரசு ஒரு நிபுணர் குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட செவிலியர் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 100 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியர் சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. பேத்தி வேலை பார்க்கும் இடத்தில் 100 படுக்கைக்கு மேல் இருக்கிறது. நான் வாங்கிய சம்பளத்தையும், இன்றைக்கு வாங்குகிற பென்ஷனையும் அவள் எதிரே சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதே நாடி, அதே ஊசி, அதே இரவு.

பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்த்து இதில் பாதியைச் சொன்னேன். கோபப்படவில்லை, நல்ல மனிதர்தான். "அம்மா, ஏழைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் வைத்தியம் பார்க்கிறார்கள். சம்பளத்தைக் கூட்டினால் ஆஸ்பத்திரியை மூட வேண்டி வரும். சிஸ்டர்மாரும் சம்பளம் வாங்காமல்தானே உழைக்கிறார்கள்?" என்றார்.

இதைத் தட்டிவிட்டுப் போக மாட்டேன். மலையடிவாரத்தில், ரோடு போகாத ஊரில், கன்னியர் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரிகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே உண்மையிலேயே காசில்லை. அவர்கள் சாப்பிடும் கஞ்சியையே வேலையாட்களும் சாப்பிடுவார்கள். அப்படிப்பட்ட இடம் என்றால் வரவு செலவை விரித்து வைத்து, "இவ்வளவுதான் இருக்கிறது, எங்களோடு சேர்ந்து சுமக்க முடியுமா?" என்று கேட்கலாம். கேட்டால் நம் பெண்கள் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். அதுதான் ஊழியம்: கேட்டு, மனமறிந்து, சேர்ந்து சுமப்பது. புதிதாக ஒரு பிளாக் கட்டிக்கொண்டு, ஸ்கேன் மெஷின் வாங்கிக்கொண்டு, சம்பளம் என்று வந்தால் மட்டும் கல்வாரியைக் காட்டுவது அது அல்ல.

சிஸ்டர்மார் சம்பளம் வாங்காதது உண்மை. அவர்கள் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்களுக்கு நோய் வந்தால் மடம் பார்க்கும். முதுமை வந்தால் மடம் பார்க்கும். வார்த்தைப்பாடு கொடுத்து, தெரிந்தே அந்த வறுமையைத் தேர்ந்தெடுத்தவர்கள். என் பேத்தி ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை. அவளுக்கு வீட்டு வாடகை உண்டு, தம்பி படிப்பு உண்டு, நாளைக்கு ஒரு குழந்தை பிறந்தால் அதற்குப் பால் வாங்க வேண்டும். அவளுடைய காணிக்கை அந்தக் குடும்பத்தின் வழியாகத்தான் ஆண்டவரிடம் போகிறது. திருச்சபை அவளைக் கூப்பிட்டிருக்கும் நிலையே அதுதான்.

பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது குருவானவர் அதை நிலத்தின் விளைச்சல், மனிதர் உழைப்பின் பயன் என்றுதானே சொல்கிறார்? அந்த அப்பத்துக்குக் கோதுமை அறுத்தவனுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்பது பீடத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பேத்தி அன்று இரவு என்னிடம் கேட்டாள்: "ஆச்சி, அப்ப நான் காலைல ஒப்புக்கொடுக்குறத விட்டுரட்டா? அந்த ஜெபத்தச் சொல்லும்போதே அவங்க மொகம்தான் ஞாபகம் வருது."

என்னை மிகவும் வருத்தியது இந்தக் கேள்விதான். சம்பளம் இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் வரும். ஒரு பிள்ளையின் ஜெபத்தைக் கசக்க வைத்துவிட்டால் அதை யார் திருப்பிக் கொடுப்பது?

"விடாதட்டீ" என்றேன். "அது அவங்க ஜெபமில்ல, உங்க பூட்டி ஜெபம்." உப்பளத்துக் கதையை அவளுக்குச் சொன்னேன். காலையில் ஒப்புக்கொடு, பகலில் நாடியை முழு நிமிடம் எண்ணு, சாயங்காலம் கணக்கைக் கேள், மூன்றும் ஒரே ஜெபம்தான் என்றேன். அவள் சிரித்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை அந்தப் பன்னிரண்டு பேரும் மறுபடி நிர்வாகத்தைப் பார்க்கப் போகிறார்கள். இந்தத் தடவை எழுத்தில் பதில் வேண்டும் என்று கேட்கப் போகிறார்கள். கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். 1286ஆம் பிரிவைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி மடித்து, ஜெபமாலைப் பையில் வைத்திருக்கிறேன். போய் வந்து எழுதுகிறேன்.